இரண்டு முகமும் ஒரு ஆணியும்

வர்தோயோவை எதிர்த்து நிற்க அந்த ஜாவா கிராமத்தில் ஆளே இல்லை. ஆறு வருடமாக அவர்தான் தலைவர். ஆனால் ஒற்றை ஆளாக நின்றால் தேர்தல் நடத்த முடியாது, சட்டம் அப்படி. வேறு வழியில்லாமல் மனைவி முர்த்தினாவையே எதிர்வேட்பாளராக நிறுத்தினார்.

"சும்மா பேருக்குத்தான். மேடையில சிரிச்ச முகமா உக்காந்தா போதும். உன் ஓட்டும் எனக்குத்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

தேர்தலன்று காலையிலிருந்து இருவரும் மைதானத்து மேடையில் அலங்கார நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் வந்தவர்கள் வர்தோயோவைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். முர்த்தினாவைப் பார்த்ததும் எல்லார் வாயும் திறந்துகொண்டது.

"அக்கா, நீங்க குடுத்த கசாயத்துல புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு!"

தெம்பே என்ற சோயாக் கட்டி விற்கும் கிழவர் கத்தினார். "நீயே ஜெயிச்சுடும்மா! உன் வீட்டுக்கு வந்தா டீயாவது கெடைக்கும்."

வரிசையே சிரித்தது. வர்தோயோவுக்கு வயிறு எரிந்தது. பாலம் கட்டியவர் அவர், வாய்க்கால் வெட்டியவர் அவர். இவள் என்ன கிழித்தாள்? நாலு வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள், அவ்வளவுதானே!

"ரொம்பப் பல்லைக் காட்டாத."

"நீங்கதானே சிரிக்கச் சொன்னீங்க?"

அவர் விருட்டென்று எழுந்து ஓட்டுப் போடப் போனார். மறைப்புக்குள் சீட்டை விரித்தால் இரண்டு படங்கள், அருகருகே. வேண்டியவர் படத்தில் ஆணியால் குத்தித் துளை போட்டால் அதுதான் ஓட்டு. அங்கேயும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் அந்தப் பாதியைப் பின்னால் மடித்துத் தள்ளிவிட்டு, தன் படத்தில் ஆணியை ஓங்கிக் குத்தினார்.

மாலையில் எண்ணிக்கை. அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிப் பெயரைக் கத்தினார். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று கரும்பலகையில் கோடுகள் சேர்ந்து ஏறின. பேருக்கு நின்றவள் கூடவே ஓடி வருகிறாளே என்று வர்தோயோ பல்லைக் கடித்தார்.

"இது செல்லாது! ரெண்டு முகத்துலயும் ஓட்டை!"

சீட்டில் ஆணி போன இடம் கிழிந்தே போயிருந்தது.

"யாருய்யா அந்தக் கோபக்காரன்?" என்று யாரோ கேட்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வர்தோயோவின் காது சுட்டது. முர்த்தினா மட்டும் சிரிக்கவில்லை.

முடிவில் அவருக்கு முந்நூற்றுப் பதினெட்டு, அவளுக்கு முந்நூற்றுப் பதினேழு. மாலை போட்டார்கள், கை குலுக்கினார்கள். அவர் மனம் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "நீ யாருக்குக் குத்தின?"

"உங்களுக்குத்தான். சொன்னீங்களே."

"உனக்கே குத்தியிருந்தா நீதான் தலைவர்."

"தெரியும்."

அந்த ஒரு சொல் அவருக்குத் தாங்கவில்லை. அவளிடம் தோற்றிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. நாளை முதல் உட்காரப்போகும் நாற்காலி அவள் விட்டுக்கொடுத்தது.

முர்த்தினா கொண்டையிலிருந்த பூவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அடுத்த தடவை சீட்டை நல்லா விரிச்சுக் குத்துங்க. என் ஓட்டு உங்களுக்கு வராது."