ஆரஞ்சுக்குப் பதில் சிவப்பு

1

இந்தக் கதை ஒரு முழங்காலிலிருந்து வந்தது. என்னுடையது அல்ல, என் மச்சான் ஓடெலுடையது. புது வருடம் பிறந்த கையோடு அதைக் கழற்றிவிட்டு உலோகத்தில் ஒன்று பொருத்தினார்கள். ஊன்றுகோலைத் தூக்கிப் போட்ட அன்றே எனக்குப் போன் செய்தான்.

"மாப்ளே, புதுக் கால் வந்தாச்சு. ஏப்ரல்ல ஏரிக்குப் போறோம். இந்தத் தடவ உன்னைக் கவுக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அவன் என்னைக் கவிழ்த்ததே இல்லை. நான்தான் அவனைக் கவிழ்த்தேன், 1996 ஜூனில், கன்டர்ஸ்வில் ஏரியில், பாஸ் மீன் பிடிக்கும் ஒரு போட்டியில். அது அவனுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கம் வரை ஒளித்துவைத்து வித்தை காட்ட எனக்கு வராது. முப்பது வருடம் தபால்காரனாக இருந்தவன். கைக்கு வந்ததை அன்றன்றே கொண்டுசேர்த்துப் பழக்கம். இந்த ஒன்றைத் தவிர.

ஏப்ரலுக்குள் அவனிடம் சொல்லியாக வேண்டும். வாயால் வரவில்லை. அதனால் கதையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று திட்டம்.

2

முதல் தொடக்கம்:

"விடியலில் ஏரியின் மேல் மூடுபனி மெல்ல—"

(வேண்டாம். மீன்பிடிக் கதை எல்லாமே மூடுபனியில்தான் தொடங்குகிறது. அன்று மூடுபனியே இல்லை. அலபாமாவில் ஜூன் மாதம். சூரியன் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.)

இரண்டாம் தொடக்கம்:

"பாஸ் பிடிப்பதைப் பொழுதுபோக்கு என்று நினைக்கும் சோம்பேறிகள்—"

என் மனைவி மேவிஸ் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். ஓடெல் அவளுடைய அண்ணன். (முதல் பக்கத்தை மட்டும் டெலிபோன் புத்தகத்துக்கு அடியில் செருகிவைத்திருந்தேன்.)

"யாரைத் திட்டுறீங்க? கதை படிக்க வந்தவங்களையா?"

"உண்மையைச் சொல்றேன்."

"உண்மையைச் சொல்றதுக்கு எதுக்கு இப்படி வள்ளுனு விழறீங்க?"

சரி, வள்ளென்று விழாமல் சொல்கிறேன். படகின் முன்பக்கம் நிற்பவன் எட்டு மணி நேரம் ஒற்றைக்காலில் நிற்கிறான். இன்னொரு கால் மிதியில் இருக்கும். அதை மேலும் கீழும் அழுத்தித்தான் முன்னாலிருக்கும் சின்ன மின்மோட்டாரைத் திருப்ப வேண்டும். அலை படகைத் தூக்கிப்போடும். கை ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் எத்தனை முறை வீசுகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து நானூற்றில் எண்ணிக்கை தப்பியது. பிடித்த பாஸை வாய்க்குள் கட்டைவிரலை விட்டுத்தான் தூக்குவோம். அதன் பல் உப்புத்தாள் மாதிரி. நல்ல நாளென்றால் சாயங்காலம் கட்டைவிரலில் தோலே இருக்காது. திங்கட்கிழமை கடிதம் பிரிக்கும்போது அந்த விரல் எரியும். அந்த எரிச்சலை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

உடம்பாவது பரவாயில்லை. மனசு இருக்கிறதே, அது இன்னும் படுத்தும். ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் ஒன்றும் கடிக்காது. இருப்பதா, கிளம்புவதா? கிளம்பினால், நாம் விட்ட இடத்தில் அடுத்தவன் வந்து அள்ளிக்கொண்டு போவான். இருந்தால், இல்லாத மீனுக்குக் காவல். தூண்டில் நரம்பின் வழியாக விரலுக்கு வருவது பாசியா, கல்லா, மீன் வாயா என்று ஒவ்வொரு வீச்சுக்கும் தீர்ப்பு சொல்ல வேண்டும். ஒரு நொடி வேறு எதையாவது நினைத்தால் போயிற்று.

3

ஓடெலை ரொம்ப நல்லவனாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. குற்றவாளி எழுதும் கதையில் பறிகொடுத்தவனுக்கு இறக்கை முளைத்துவிடும். ஆகவே அவன் குறைகள்: டயர் ஆலையில் மேற்பார்வையாளன் என்பதால் வீட்டிலும் மேற்பார்வை செய்வான். தேவாலயப் பாட்டுகளைத் தப்புத் தப்பாக முணுமுணுப்பான். டப்பா சாசேஜை உப்பு பிஸ்கட்டின் மேல் வைத்துத் தின்றுவிட்டு, அதே கையால் என் தூண்டிலைத் தொடுவான்.

"கையக் கழுவு மச்சான்."

"மீனுக்கு வாசனை பிடிக்கும் மாப்ளே. உன்னை மாதிரி சோப்பு வாசனை அடிச்சா, தபால் வந்திருக்குனு நெனச்சு ஓடிடும்."

பதினொரு வருடம் ஒரே படகில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் முன்னால், நான் பின்னால். வெளிச்சம் வந்ததும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த அந்தப் புகை நாற்றம், பாசிப்படுகையின் விளிம்பில் முதல் வீச்சு, ரப்பர் புழு நீரில் விழும் அந்தச் சின்ன சத்தம். வாழ்க்கையில் மறுபடி ஒரே ஒரு காலையை வாங்கிக்கொள்ளலாம் என்றால் கல்யாண நாளைக் கேட்க மாட்டேன். (மேவிஸ், இதைப் படித்தால் மன்னித்துக்கொள்.)

அந்த வருடம் அவனுக்கு முப்பத்தெட்டு. நின்று நின்று வலது முழங்கால் தேய்ந்திருந்தது. "இதுதான் கடைசி வருஷம்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஜூன் போட்டியில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் ஜோடிகள் மாநில இறுதிப் போட்டிக்குப் போகலாம். பதினொரு வருடத்தில் நாங்கள் ஒருமுறைகூடப் போனதில்லை. ஓடெல் வேறு எதையும் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

4

இனி அது. நேராக எழுதிவிடுகிறேன்.

ஒரு ஜோடிக்கு ஐந்து மீன்தான் கணக்கு; அவற்றின் மொத்த எடையில்தான் போட்டி. ஆறாவது பெரிதாகக் கிடைத்தால் படகின் தண்ணீர்த் தொட்டியிலிருக்கும் சின்னதை அப்போதே ஏரியில் விட்டுவிட வேண்டும். எல்லாம் உயிரோடு நீந்திக்கொண்டிருப்பதால் எது எந்த எடை என்று தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் தாடையிலும் ஒரு நிறச் சீட்டு மாட்டி, தொட்டி மூடியில் மெழுகுப் பென்சிலால் நிறத்துக்கு நேரே எடையைக் குறித்துவைப்போம். ஆரஞ்சு: இரண்டு பவுண்டு ஐந்து அவுன்ஸ், எல்லாவற்றிலும் சின்னது. சிவப்பு: இரண்டு பவுண்டு பதினான்கு அவுன்ஸ். (பதினாறு அவுன்ஸ் ஒரு பவுண்டு.)

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆறாவது வந்தது. நல்ல மீன். ஓடெல் முன்னால் நின்று வீசிக்கொண்டே கத்தினான்:

"ஆரஞ்சை ஏரியில போடு, ஆரஞ்சை!"

தொட்டிக்குள் கைவிட்டேன். எடுத்தேன். சீட்டைக் கழற்றினேன். அன்று நான் போட்டது—

(பார்த்தீர்களா? இங்கேதான் ஒவ்வொரு முறையும் பேனா நிற்கிறது.)

நீரின் பளபளப்பு கண்ணைக் குத்தாமலிருக்க நாங்கள் எல்லோரும் பழுப்புக் கண்ணாடி போடுவோம். ஏரிக்கு அது இல்லாமல் போகவே மாட்டோம். மீன் நிழல் தெரிவதே அதில்தான். அந்தக் கண்ணாடி வழியாகச் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே நிறம். அது எனக்குத் தெரியும். வழக்கமாக ஏற்றிவிட்டுப் பார்ப்பேன். அன்று வியர்வை, அவசரம், ஏழு மணி நேர வெயில். மீன் வாலை ஒரு அடி அடித்துவிட்டு ஏரிக்குள் போன பிறகுதான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். அன்று நான் போட்டது—

"போட்டியா?"

"போட்டேன் மச்சான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். கண்டபடி திட்டியிருப்பான், அவ்வளவுதான். ஆனால் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. கைச் சீட்டைப் புது மீனுக்கு மாட்டினேன். மூடியிலிருந்த எண்களை ஈரக் கையால் துடைத்தேன். தவறு என்றால் கண்ணாடியோடு முடிந்தது. துடைத்த கை தவறு செய்யவில்லை. அது தெரிந்தே செய்தது.*

* மேவிஸ் இந்த இடத்தில் "கை என்ன செய்யும், நீங்கதானே செஞ்சீங்க" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். ஆம், முதல் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அது ஆறாவது பகுதியில் வருகிறது.

இரண்டு பத்துக்கு ஓடெலின் முழங்கால் பூட்டிக்கொண்டது. நிற்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தான். கடைசி அரை மணி நேரம் உட்கார்ந்தபடி வீசினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

5

எடை மேடையில் எண் விழுந்தது: பதினான்கு பவுண்டு எட்டு அவுன்ஸ். இரண்டாம் இடத்துக்கு ஐந்து அவுன்ஸ் குறைவு.

"பதினஞ்சு பவுண்டு ஒரு அவுன்ஸ் இருக்கணுமே" என்றான் ஓடெல். அவன் மனக்கணக்கு தப்பாது. "ஒம்பது அவுன்ஸ் எங்க போச்சு?"

"வெயில்ல தின்னதைக் கக்கியிருக்கும்" என்றேன். மீன்கள் கக்குவது உண்டுதான். ஆனால் அன்று தொட்டித் தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அவன் எட்டிப் பார்த்திருந்தால் போதும். என்னை நம்பினான், பார்க்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"அந்த அரை மணி நேரம் நின்னிருந்தா இன்னொண்ணு கெடச்சிருக்கும். கக்கினாலும் தாங்கியிருப்போம். மன்னிச்சிடு மாப்ளே."

"அட விடு மச்சான்" என்றேன்.

இலையுதிர் காலத்தில் படகை விற்றான். ஒவ்வொரு நவம்பரிலும் நன்றி நாள் விருந்தில், வான்கோழியை வெட்டி முடித்ததும், மேஜையில் என் பக்கம் திரும்பி அதையே சொல்வான். நானும் "விடு மச்சான்" என்பேன். 1996 முதல் போன வருடம் வரை இருபத்தாறு முறை. இருபத்தாறு முறையும் நான் அவனை மன்னித்திருக்கிறேன்.

6

முடிவு, முதல் வகை: ஓடெல் சிரிக்கிறான். "எனக்கு அன்னிக்கே தெரியும் மாப்ளே." (என்னைத் தப்பிக்க விடும் முடிவு. பொய்யும்கூட. அவனால் ஒரு ரகசியத்தை அரை மணி நேரம் காப்பாற்ற முடியாது.)

இரண்டாம் வகை: ஓங்கி ஒரு அறை விடுகிறான். (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகப்படுகிறேன்.)

மூன்றாம் வகை: நான் சொல்வதே இல்லை. அவன் புதுக் காலில் நிற்கிறான், பெரிய மீன் பிடிக்கிறான், சந்தோஷமாக—

இந்த வாக்கியத்தின் நடுவில்தான் மேவிஸ் முதல் பக்கத்தோடு வந்து நின்றாள். பிளம்பர் நம்பருக்காக டெலிபோன் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். இந்தக் காலத்தில் யார் அதை எடுப்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

"படகை வித்துட்டு வந்த அன்னிக்கு எங்க அண்ணன் இதே அடுப்படியில உக்காந்து அழுதான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க பக்கத்துல உக்காந்து அவிச்ச கடலை உரிச்சுத் தின்னுட்டிருந்தீங்க."

"மேவிஸ், அதான் எழுதிக் கொடுக்கலாம்னு—"

"ரெண்டு பக்கத்துக்கு மேல அவன் எதையும் படிக்க மாட்டான். வாயத் தொறந்து சொல்லுங்க." கதவருகே போய்த் திரும்பினாள். "காலை அறுத்து மாத்திக்கிட்டு வந்திருக்கான், உங்களுக்காக."

மூன்றாம் வகையை அடித்துவிட்டேன்.

7

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போனோம். இரவல் படகு. அவன் முன்னால், நான் பின்னால். ஓடெல் ஏழு மணியிலிருந்து நின்றான். பதினொரு மணிக்கு "பாத்தியா மாப்ளே, பாத்தியா!" என்று புதுக் காலைத் தட்டிக் காட்டினான். அறுபத்து நாலு வயதில் அதே தப்பான ராகம், அதே சாசேஜ் கை.

போட்டி ஒன்றுமில்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில் ஐந்து மீனுக்கும் சீட்டு மாட்டியிருந்தோம். மதியத்துக்கு மேல் எனக்கு ஆறாவது வந்தது.

"எதைப் போடப்போற?" என்றான் திரும்பாமலே.

ஆறாவதையும் தொட்டியில் விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"மச்சான், தொண்ணூத்தாறுல நான் போட்டது ஆரஞ்சு இல்ல. சிவப்பு. அப்பவே பாத்துட்டேன். மூடியத் தொடச்சேன். உன் கால் ஒண்ணும் பண்ணல."

மின்மோட்டாரின் சத்தம் நின்றது. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான். படகு காற்றில் பக்கவாட்டில் நகர்ந்தது. அப்புறம் பின்னால் வந்து, முன்பக்கத்தைக் கையால் காட்டினான். போய் நின்றேன். அத்தனை வருடத்தில் நான் அங்கே நின்றதே இல்லை. மிதியில் கால் வைத்தேன். பத்து நிமிடத்தில் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பின்னால் தொட்டி மூடி திறந்தது. ஒவ்வொன்றாக மீன்கள் ஏரியில் விழும் சத்தத்தை எண்ணினேன். ஆறு. கடைசியாக அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

அதை நான் எழுதப்போவதில்லை. அவனிடமிருந்து ஏற்கெனவே ஒன்றை எடுத்துக்கொண்டவன் நான். இதாவது அவனுடையதாக இருக்கட்டும். இரண்டு பேரையும் உங்களுக்கு இப்போது தெரியும். கீழே இடம் விட்டிருக்கிறேன். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மன்னிப்பு என்று எழுதுவதாக இருந்தால், எனக்கு அதை அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிடாதீர்கள். அவன் என்னிடம் இருபத்தாறு முறை கேட்டிருக்கிறான்.

"மாப்ளே, . . . . . . . . . . . . . . . . . . . ."