பாலை மரத்தில் கட்டிய தொட்டில்

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி ரிசர்வ் காட்டுக்கு நடந்தபோது என் மனைவி கங்கம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், பிள்ளை இல்லாத ஏக்கத்தில், அந்தக் காட்டுக்குள் இருக்கும் எங்கள் குலதெய்வத்தின் பாலை மரத்தில், கூழாங்கல்லைப் பிள்ளையாக வைத்துத் துணித் தொட்டில் கட்டினாள். பிள்ளை பிறந்து வருஷம் திரும்புவதற்குள் பெற்றவள் கையாலேயே அதை அவிழ்த்துவிட வேண்டும். அடுத்த வருஷமே பூவம்மாள் பிறந்தாள். நான்தான் நடவு, அறுப்பு என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். கந்தல் துணியில் சாமிக்கு என்னடி வேலை என்று கேலி வேறு. இத்தனைக்கும் அந்தக் குழந்தையை ஊரெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

இப்போது பூவம்மாள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூளைக் காய்ச்சலோடு கிடந்தாள். பக்கத்தில் என் அக்கா ஞானம்மா இருந்தாள். முந்தின நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனித் தேறாது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். கங்கம்மாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தொட்டிலை அவிழ்த்தால் பிள்ளை பிழைத்துவிடும் என்று அவள் அழுதபோது, சரி வா என்று கிளம்பிவிட்டேன்.

காட்டு முகப்பில் வாட்சர் பாக்கியராஜ் மறித்தார்.

"அந்தாண்ட ஒண்ணும் இல்லீங்க. கம்பெனிங்களுக்கு ரோடு போடறாங்கோ. மரத்தையெல்லாம் சாய்ச்சிட்டாங்க."

அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் கங்கம்மா உள்ளே ஓடினாள்.

சாமிக் கல்லை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். பாலை மரம் துண்டு துண்டாகக் கிடந்தது. கழித்த கிளைகளைக் குவித்து எரித்திருந்தார்கள். அவள் மண்டியிட்டு, சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள். வா போகலாம் என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அடிமரத்துக்கு அந்தப் பக்கம் போய், என் வேட்டி ஓரத்தைக் கிழித்தேன். ஒரு கூழாங்கல்லை வைத்து முடிந்து, மண்ணில் புரட்டி, எரியாமல் கிடந்த கிளையொன்றில் கட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு கரி படிந்த விரல்களால் முடிச்சை மெதுவாக அவிழ்த்து, கல்லை எடுத்துச் சாமி முன்னால் வைத்தாள். கும்பிடவில்லை.

"நான் கட்டினது என் கல்யாணப் பொடவைத் துணி," என்றாள்.

நான் கிழிந்த வேட்டி ஓரத்தை மடித்து மறைத்தேன்.

"சாமிய நக்கல் பண்ற ஆளு நீங்க. எனக்காவ பொய்யா தொட்டில் கட்டறீங்க." என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்: "டாக்டரு ஒங்ககிட்ட இன்னா சொன்னாரு?"