யாந்துனாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய சொல்

நவம்பர் பிறக்க இன்னும் மூன்று நாள். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். எங்கள் கூடாரத்துக்கு எட்டுப் பேர் கணக்கில் கோதுமை அரைத்துவிட்டேன். எட்டாவது ஆள் தாசியுஸ் காய்ச்சலில் செத்துச் சில நாளாகிறது. மிஞ்சிய மாவையும் சேர்த்து ரொட்டியாகச் சுட்டார்கள். இந்தக் கதை அந்த மாவிலிருந்துதான் வந்தது.

1

முதல் தொடக்கம்: "தானூபு நதிக்கரையில் மாவீரன் ஒருவன்..."

[அடித்துவிட்டேன். தாசியுஸ் மாவீரனெல்லாம் இல்லை. பள்ளம் வெட்டினான், பகடையில் தோற்றான், கோட்டை வாசலுக்கு வெளியே யாந்துனாவோடு குடும்பம் நடத்தினான்.]

இரண்டாவது: "அவன் மனைவி யாந்துனா..." கதை இங்கேயே நின்றுவிட்டது.*

* ரோமப் படையில் இருக்கும்வரை எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. சட்டம். யாந்துனா போன்றவர்களுக்கு முகாமில் வைத்த பெயர் அடுப்புக்காரி.

2

செத்தவனுக்குக் கல் வைப்பது கூடாரத்துக்காரர்களின் கடமை. எங்கள் கூடாரத்தில், முகாம் எழுத்தர் நடத்தும் மாலை எழுத்து வகுப்புக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். அதனால் வாசகம் என் தலையில் விழுந்தது.

"மனைவின்னே போடுடா, எழுத்தாளரே," என்றான் வெர்சோ. எங்களில் மூத்தவன்.

"போட்டா நூற்றுவர் தலைவர் கல்லைப் பேத்துப்புடுவாருண்ணே."

"தாசியுஸைக் கேட்டா, 'என் கொறட்டையைத் தாங்குனவ'ன்னு போடச் சொல்லியிருப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் எல்லோரும் சிரித்தோம். அப்புறம் வெர்சோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுப்புக்காரின்னே வெட்டச் சொல்லு," என்றான். "அவளுக்குப் படிக்கவா தெரியும்? நீ மனைவின்னு வாசிச்சுக் காட்டிடு."

3

யாந்துனாவை இங்கே பேசவைத்துப் பார்த்தேன். ஒரு முடிவில், "எந்தச் சொல்லும் வேணாம், எம் பேரு போதும்" என்கிறாள். அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. இன்னொன்றில் மனைவி என்றே வேண்டும் என்கிறாள், கல்லை உடைக்கிறார்கள், அவள் அந்தத் துண்டுகளை

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.]

மூன்றாவது முடிவு வெர்சோ சொன்னது. அதில் அவளுக்குப் பேச்சே இல்லை. உண்மையிலும் அவளை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

பக்கத்துக் கூடாரத்தில் எவனுக்காவது எழுத்துத் தெரிந்தால், கல்லில் இருப்பது எந்தச் சொல் என்று ஒருநாள் அவளிடம் சொல்லிவிடுவான். அன்றைக்கு, அவளை மனைவியாக வைத்திருந்த தாசியுஸும் என்னோடு சேர்ந்து பொய்யனாவான்.

வாசிக்கிறவரே, உங்களுக்குப் படிக்கத் தெரியும். கல் முன்னால் அவள் நிற்கிறாள், உங்கள் வாயைப் பார்க்கிறாள். நீங்கள் எந்தச் சொல்லைச் சொல்வீர்கள்? முடிவை அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று மாலை கல் வெட்டி முடிந்தது, அடுப்புக்காரி என்றே.

நாளை: காலைக் காவல் முடிந்ததும் யாந்துனாவைக் கல்தச்சனிடம் கூட்டிப்போக வேண்டும். வாசித்துக் காட்ட வேண்டும்.