மேட்ச் நாள் மாத்திரை

இறுதி ஆட்டம் மூன்று மணிக்கு. பன்னிரண்டு மணிக்கே நான் மைதானத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் நிலைகொள்ளாமல் நின்றேன். வானொலியில் ஆறு வருடமாகக் கால்பந்து வர்ணனை செய்கிறேன். இறுதி ஆட்டத்துக்கு என்னை உட்கார வைப்பது இதுதான் முதல் தடவை. கேட்பவர்கள் எனக்கு வைத்த பெயர் வெண்கலம். இந்த ஆட்டத்தைக் கேட்ட பிறகுதான் அடுத்த வருட ஒப்பந்தம் என்று நிலைய மேலாளர் சொல்லியிருந்தார். குரல் கொஞ்சம் பிசிறினாலும் என் கதை கந்தல்.

"தொண்டைக்கு மிட்டாய் ரெண்டு பாக்கெட். அப்படியே என் பிரஷர் மாத்திரையும் குடுங்க."

இரண்டாவதை மட்டும் முணுமுணுப்பாகத்தான் கேட்டேன். பக்கத்தில் எங்கள் ஒலிப்பதிவாளர் நின்றார். ஐம்பத்தைந்து வயது, தோளில் எந்நேரமும் ஒயர் சுருள், அதனால் எல்லாருக்கும் ஒயர் அண்ணன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். எனக்குப் பிரஷர் இருப்பது நிலையத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால், 'இந்தம்மா உடம்புக்கு இந்தக் கத்தல் தாங்குமா' என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் மைக் கைமாறிவிடும்.

மருந்துக் கடைக்காரர் கணினியைப் பார்த்தார்.

"முப்பது மாத்திரை வாங்கினீங்க. இன்னையோட நாப்பத்திரெண்டு நாள். நடுவுல பன்னிரண்டு நாள் எங்க போச்சு?"

"அப்பப்ப மறந்துடும்" என்று கூசாமல் புளுகினேன்.

அவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே கால்பந்து அட்டவணை தொங்கியது. மனிதர் சிவப்பு அணிப் பைத்தியம். ஒவ்வொரு ஆட்டத்தையும் வட்டம் போட்டு வைத்திருந்தார். விரலால் எண்ணினார்.

"பதினோரு மேட்ச். இன்னைக்கு பைனல். மொத்தம் பன்னிரண்டு. மேட்ச் நாள்ல மட்டும் மறக்குதா மேடம்?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அதைப் போட்டா ரெண்டு மணி நேரத்துல பாத்ரூமுக்கு ஓடணும் சார்! உடம்புத் தண்ணியெல்லாம் இறக்குற மாத்திரை. நான் உக்கார்றது பெட்டி மாதிரி ஒரு ரூம். பாத்ரூம் அம்பது படி கீழே. நடு ஆட்டத்துல எந்திரிச்சுப் போக முடியுமா?"

"மேட்ச் முடிஞ்சா பின்மண்டை வலிக்குமா?"

"கத்துறேன்ல. வலிக்கத்தானே செய்யும்."

அவர் என்னோடு வாதாடவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, ஐந்து நிமிடம் வாயே திறக்கக் கூடாது என்றார். என்னிடமா! அந்த ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரமாக நகர்ந்தது. பிறகு கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். நூற்று அறுபத்தெட்டு, நூற்று நான்கு. ஒயர் அண்ணனும் எட்டிப் பார்த்துவிட்டார். என் ரகசியம் அங்கேயே போயிற்று.

கடைக்காரர் என் டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

"நெஞ்சு வலி, மூச்சு முட்டல், பார்வை மங்கல், கை கால் மரத்துப்போறது, ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"அப்போ இன்னைக்கு உள்ளது ஒண்ணே ஒண்ணு, இப்பவே போடுங்க. விட்டுப்போனதுக்கெல்லாம் சேர்த்துப் போட்டீங்கன்னா மயங்கி விழுவீங்க. எந்திரிக்கும்போது மெதுவா எந்திரிங்க, படியில ஓடாதீங்க. நான் சொன்னதுல ஏதாவது வந்தா மைக்கை வச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"மேட்ச் முடிஞ்சதும் போடட்டுமா?"

"அந்த மேட்ச்லதானே கத்தப் போறீங்க? நாளைக்குக் காலைல வாங்க. நேரத்தை மாத்தலாமா, மருந்தையே மாத்தலாமான்னு நான் பார்க்குறேன். இதை ஏன் முன்னாடியே எங்கிட்ட சொல்லல?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாத்திரையை வாங்கினேன். உள்ளங்கையில் அந்தப் பொடி மாத்திரையை வைத்துக்கொண்டு நின்றேன். ஆறு வருடம் காத்திருந்த ஆட்டம். இதைப் போட்டால் நடுவில் எழுந்தே ஆக வேண்டும். ஒயர் அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"போடும்மா. நான் இருக்கேன்."

அன்றைய நாலு வார்த்தை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். விழுங்கினேன்.

என்ன ஆட்டம் அது! நீலமும் சிவப்பும் முட்டி மோதின. பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது, நாற்பதாயிரம் பேர் ஒரே மூச்சாக அலறினார்கள், என் குரல் அதற்கும் மேலே ஏறியது. இடைவேளையில் ஒரு முறை இறங்கிப் போய் வந்தேன். எண்பதாவது நிமிடமும் கோல் இல்லை. எண்பத்தொன்றில் என்னால் முடியவில்லை. ஒரு வீரன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், ஆட்டம் நின்றது.

"அண்ணே, பிடிங்க!" மைக்கை அவர் கையில் திணித்தேன். மனிதர் வெலவெலத்துப் போனார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடாமல் இறங்கினேன்.

கீழே காவலாளியின் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திய பிறகும் கேட்டது. "பந்து வருது. போகுது. திரும்ப வருது." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போச்சு, என் ஒப்பந்தம் போச்சு. அப்போது அந்தக் குரல் உடைந்தது.

"சிவப்புக்காரன் ஓடுறான். ஒருத்தனைத் தாண்டிட்டான். இன்னொருத்தன்! டேய், அடிடா! அடிச்சுட்டான்! கோல்! கோல்! ஐயோ, என் தங்கச்சி இதைப் பார்க்கலையே! ஆறு வருஷம் காத்திருந்தாளே! கோல்!"

சுவர் அதிர்ந்தது. நான் கண்ணாடி முன் நின்று விம்மி விம்மி அழுதேன். கோலை விட்டதற்கு அல்ல.

மேலே போய் மைக்கை வாங்கினேன். கடைசி நிமிடங்களை உயிரைக் கொடுத்துப் பேசினேன். ஒன்றுக்குப் பூஜ்யம், சிவப்பு ஜெயித்தது. விசில் அடங்கும் முன் மேலாளரின் போன்.

"கோல் சொன்னது யாரு?"

"ஒயர் அண்ணன், சார்."

"நீங்க எங்க போனீங்க?"

மைக் கோளாறு என்று சொல்ல நாக்கு துடித்தது. "பாத்ரூமுக்கு. பிரஷர் மாத்திரை போட்டிருக்கேன் சார். மேட்ச் நாள்ல எல்லாம் போடாம ஏமாத்திக்கிட்டு இருந்தேன். இனி விட மாட்டேன். எனக்கு வேலை தர்றதும் தராததும் உங்க இஷ்டம்."

அந்தப் பக்கம் பின்னால் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன.

"இங்க எல்லாரும் ஒரே கேள்விதாம்மா கேக்குறாங்க."

"என்ன சார்?"

"தங்கச்சி கோலைப் பார்த்தாளா இல்லையான்னு. அடுத்த வருஷம் அந்த ரூம்ல ரெண்டு நாற்காலி போடச் சொல்றேன். ஒருத்தர் எந்திரிச்சா இன்னொருத்தர் பேசணும்."

ஒயர் அண்ணனிடம் சொன்னேன். கையிலிருந்த சுருள் கீழே விழுந்து அவிழ்ந்தது. அதைச் சுற்ற அவர் குனியவில்லை. வழக்கமாக இந்நேரம் எனக்குப் பின்மண்டை தெறிக்கும். அன்று வலிக்கவில்லை. அது மாத்திரையா, மனசா, எனக்குத் தெரியாது.

"கோல் எப்படி இருந்துச்சு அண்ணே? சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தார். காலைத் தூக்கி உதைத்துக்கூடக் காட்டினார். மைதானம் காலியாகும்வரை அவர் நிறுத்தவில்லை. நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.