வெனிலாவைத் தூக்கிய கை

வெனிலாவுக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க வராது, பேசவும் வராது. இருபத்து மூன்று வயதிலும் அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அம்மா சவுரியம்மாள்தான் தூக்கிப் போவாள். அப்பா இறந்த பிறகு வளவனூர் வீட்டில் அவர்கள் இருவர்தான்.

சவுரியம்மாளின் வலது தோள் வலிக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. தைலம் தேய்த்துச் சமாளித்தாள். கையை உயர்த்தித் தலை சீவ முடியாமல் போனபோதும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை மகளைக் குளிப்பாட்டத் தூக்கும்போது கை சட்டென்று விட்டுவிட்டது. வெனிலாவின் நெற்றி தரையில் மோதி நான்கு தையல் போட வேண்டியதாயிற்று.

விழுப்புரம் டாக்டர் சவுரியம்மாளின் தோளை ஸ்கேன் எடுத்த படத்தைப் பார்த்தார்.

"தோள் மூட்டு தேஞ்சிடுச்சும்மா. கையத் தூக்குற தசைநாரும் கிழிஞ்சிருக்கு. இனிமே தைச்சாலும் நிக்காது. ஆபரேஷன் பண்ணி செயற்கை மூட்டு வச்சிடலாம். வலி போயிடும், கையும் மேல வரும்."

"எம் பொண்ணத் தூக்கலாங்களா சார்?"

"எவ்ளோ வெயிட்டு?"

"முப்பத்தெட்டு கிலோ."

"அது மட்டும் முடியாதும்மா. ஆபரேஷன் பண்ணிக்கினாலும் சரி, பண்ணிக்காட்டியும் சரி."

திண்டிவனத்திலிருக்கும் தங்கை கிளாராதான் அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் பேசி வெனிலாவுக்கு இடம் வாங்கினாள். சவுரியம்மாள் மறுத்தாள்.

"எத்தினி நாளைக்குக்கா தூக்கிக்கினே இருப்ப? மறுபடியும் கீழ போட்டீன்னா?" என்றாள் கிளாரா.

மகளின் நெற்றித் தையலைத் தடவிப் பார்த்த சவுரியம்மாள், மறுவாரமே அவளை இல்லத்தில் கொண்டுபோய் விட்டாள்.

"பத்து நாளுதான் கண்ணு. கை சரியானதும் வந்து இட்டுக்கினு போறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தாள். மகளிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்ட கையோடு பயணம் வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் திண்டிவனம் போக முடிந்தது. வெனிலா அவளைக் கண்டதும் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். சவுரியம்மாள் வலியில்லாமல் கையை உயர்த்தி மகளுக்குத் தலை சீவி, ஜடை பின்னி, சோறு ஊட்டினாள்.

கிளம்ப எழுந்தபோது வெனிலா இரண்டு கைகளையும் நீட்டினாள். தூக்கச் சொல்கிறாள். சவுரியம்மாள் குனிந்தாள். பிறகு அப்படியே நின்றாள். இல்லத்து ஆயா பவானி வந்து வெனிலாவை அள்ளி எடுத்தாள். பவானியின் தோளுக்கு மேலாக அந்தக் கைகள் அம்மாவை நோக்கி நீண்டபடியே உள்ளே போயின.

இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து பஸ் ஏறுகிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு மகள் தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் நன்றாகத் தூங்கிய பிறகு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறாள்.