எப்ப எடுக்குறீங்க?

"இப்ப எடுக்காதீங்க தங்கச்சி," என்றாள் பளீலா. வெளியே எடுத்த போனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்ப வைக்கப் போனாள். "அடுத்த மாசம் இதே கொம்பனிட புது மொடல் வருது. வந்தா இதுட வெல எறங்கும். பொறுத்தா ஒங்களுக்குத்தான் நல்லம்."

ஜீவராணி அந்தப் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையே குடுங்க."

"மத்தக் கடைக்காரன்னா இதச் சொல்ல மாட்டான். நான் ஒங்களுக்காகச் சொல்றேன்."

"தெரியுங்க. குடுங்க."

கடை தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. அவளை ஏற்றி வந்த திரீவீலர் எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "அக்கே, யமுத?" போகலாமா என்று அவன் கேட்பது இது இரண்டாவது தடவை. அவள் கையைக் காட்டினாள்.

"அப்பிடி என்ன அவசரம்?" என்றாள் பளீலா.

"மூணு மணிக்கு எடுக்குறோம்."

"என்னத்த?"

"அப்பாவ."

பளீலாவின் கை கண்ணாடிமேல் அப்படியே நின்றது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து இந்தப் பக்கம் தள்ளினாள். ஜீவராணி உட்காரவில்லை.

பழைய போன் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதற்கு வெளியே ஒரு கீறலைத் தவிர வேறு குறை இல்லை. ஆனால் முகம் பார்த்துப் பேசும் ஆப் அதில் நின்றுபோனது. இந்தப் போன் பழையது, இனி இதில் வேலை செய்யாது என்று ஒருநாள் திரையில் வந்தது. அதன்பிறகு குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்கா ராகினி ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரணக் கோல்தான் எடுத்தாள். புதுப் போன் பேச்சு வந்தபோதெல்லாம் அப்பா, "கொரலு கேக்குதுல்ல, பொறு," என்றார். தீபாவளி வரட்டும் என்றார். ராகினியும் புது மொடல் வந்ததும் எடு, பொறு என்றாள். மூன்று பேரும் பொறுத்தார்கள். நேற்று விடிய, ஆஸ்பத்திரியில், அப்பா தங்கையா இறந்தார்.

இரவு பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் விஜயகலா தன் போனை நீட்டினாள். ராகினி வேண்டாம் என்றுவிட்டாள். போன வருஷம் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் நடந்த சாவு ஒன்றை யாரோ வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டு பேஸ்புக்கில் விட்டிருந்தார்கள். குவைத்தில் அவள் அதைப் பார்த்தாள்.

"எங்கப்பா அப்புடி ஊரு சுத்த வேணாம் ஜீவா. நம்ம போன்ல காட்டு. பெட்டிய மூடுறதுக்குள்ள ஒருக்கா காட்டு."

ஆறு வருஷமாக அவள் ஊருக்கு வரவில்லை.

பளீலா பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டாள். வேகமாகத் தட்டினாள். "கோட் வரும். வந்ததும் சொல்லுங்க." ஜீவராணி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். கோட் வந்தது. சொன்னாள். ராகினியின் பெயர் திரையில் வந்தது.

"பாருங்க, எப்பிடி கிளியர்," என்று பளீலா கேமராவைத் திறந்து போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

திரையில் நன்றாகத் தூங்கி எழுந்த ஒருத்தி இருந்தாள். ஜீவராணி இரண்டு இரவுகளாகத் தூங்கவில்லை. அதை யோசிக்க நேரம் இல்லை.

"போன் பெட்டியப் பொறகு வந்து எடுத்துக்கங்க. ஓடுங்க."

திரீவீலர் றப்பர் மலைகளுக்குள் ஏறியது. சாவு என்பதால் இன்று யாரும் பால் வெட்டப் போகவில்லை. மரங்களில் கட்டிய சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நின்றது. கீழ் வளைவிலேயே தப்புச் சத்தம் கேட்டது. அவள் போனைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். இரண்டு முறை சுற்றை அவிழ்த்துச் சிக்னல் கோடுகளைப் பார்த்தாள்.

லயத்து வாசலில் சுதர்சன் நின்றான். அவளுடைய கணவன். முழங்கால் வரை சேறு.

"எங்க போன? குழியில தண்ணி ஊறுது. வாளியால எறச்சிக்கிட்டு நிக்கிறாங்க. மூணு மணி வரைக்கும் வைக்க ஏலாது."

"அக்கா பாக்கட்டும். பாத்ததும் எடுத்துருங்க."

"சீக்கிரம் ஜீவா."

உள்ளே பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் தங்கை கருப்பாயி தலைமாட்டில் இருந்தாள். ஜீவராணியின் கையைப் பார்த்தாள்.

"செத்த வீட்டுக்குக் கோடித்துணி ஒன்னுதாண்டி புதுசா வரலாம். இவ போன் வாங்கியாந்து நிக்கிறா."

"அக்காவுக்குக் காட்டத்தான் அத்த."

"ஒங்கக்கா வந்து பாக்கட்டுமே. பிளேன் ஓடலையா?"

"அவ பாஸ்போட்டு மேடம் கையில இருக்கு."

கருப்பாயி எதிர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

முதல் மணியிலேயே ராகினி எடுத்தாள். ஒரு சின்ன அறை. பின்னால் துணி துவைக்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. முகம் மெலிந்திருந்தது.

"மேடம் வெளிய போயிருக்கா. வந்துருவா. அப்பா எங்க?"

ஜீவராணி போனைத் திருப்பி, திரை அப்பாவின் முகத்துக்கு நேரே வரும்படி பிடித்தாள். பழைய போனிலும் அப்படித்தான் பிடிப்பாள். அப்பாவுக்கு ராகினி தெரிய வேண்டும், ராகினிக்கு அப்பா தெரிய வேண்டும். வேறு விதமாகப் பிடிக்க அவளுக்குத் தோன்றியதில்லை.

"அப்பாவுக்கு நேராவா புடிச்சிருக்க?"

"ஆமாக்கா. நீ அவருக்கு நேராத்தான் இருக்க."

பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். ராகினி அழுவாள் என்று காத்திருந்தார்கள். போனிலிருந்து மெஷின் சத்தம் மட்டும் வந்தது.

"ஜீவா."

"சொல்லுக்கா."

"இது யாரு?"

ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஜீவராணி போனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அப்பாதான்க்கா."

"மூஞ்சியில என்னத்தப் பூசுனீங்க?"

"ஒன்னும் பூசல."

"மல்சாலைக்காரன் பூசியிருப்பான். பவுடர் போட்டு அப்பியிருக்கான். அப்பா புள்ளியெல்லாம் எங்க? தொடச்சி வுடு."

உடலைப் பதப்படுத்தி அனுப்பிய மல்சாலைக்காரன் பூசினானோ என்னவோ. நேற்று மாலை உடல் வந்ததிலிருந்து அவள் உற்றுப் பார்க்கவில்லை. ஒரு கையில் போன் இருக்க, மறு கையால் துணியை நனைத்துக் கன்னத்தைத் துடைத்தாள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

"போச்சாக்கா?"

"இல்ல. இன்னும் இருக்கு. அழுத்தித் தொட."

அழுத்தித் துடைத்தாள். துணியைப் போட்டுவிட்டு விரலால் தேய்த்தாள். அம்மை வடுக்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. கன்னம், மூக்கு, தாடை, எங்கும் குழி. சவரம் செய்யும்போது அந்தக் குழிகளில் நரைமயிர் தப்பி நிற்கும். ராகினி கைக்குழந்தையாக இருந்தபோது அதில் விரலை வைத்துக்கொண்டுதான் தூங்குவாளாம். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"இருக்குக்கா. எல்லாம் இருக்கு. என் கைக்குத் தெரியுது."

"எனக்குத் தெரியலியே. யாரோ சினிமாக்காரன் மாதிரி இருக்கான்."

"பொணத்துக்கு எத்தன தரம்டி மூஞ்சி கழுவுவ?" என்றாள் கருப்பாயி.

வாசலில் இருந்து ஒருவர், "எப்ப எடுக்குறீங்க?" என்று கேட்டார். சுதர்சன் என்ன சொன்னான் என்று விளங்கவில்லை.

ஜீவராணி குனிந்தாள். அப்பாவின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்து, அவர் இருக்கும் இடத்திலிருந்து போனைப் பார்த்தாள். பெரிதாக ராகினி. மூலையில் சின்னக் கட்டத்துக்குள் தானும் அப்பாவும். இரண்டு பேருக்கும் முகம் மழமழவென்று வெளுத்திருந்தது. கிட்டத்தட்ட ஒரே வயது. அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை. அவர் கன்னத்தில் ஒரு குழி இல்லை.

"அக்கா, போனுதான் அழிக்குது."

"எத?"

"அப்பா புள்ளிய. என்னையும் வெள்ளையாக்குது."

"நிப்பாட்டு அத."

திரையைத் தொட்டாள். ஏதோ வரிசையாக வந்தது. இன்னொன்றைத் தொட்டாள், அப்பாவின் தலைக்குமேல் பூ மாலை ஒன்று முளைத்தது. பதறி அதை அழித்தாள். விஜயகலா எட்டிப் பார்த்து, "அங்க அழுத்து," என்றாள். அழுத்தினாள். ஒன்றும் மாறவில்லை. பழைய போனில் கேமராவை மாற்றும் வட்டக்குறி இதிலும் இருந்தது. அதைத் தொட்டாள்.

போனின் முதுகுப்பக்கக் கேமரா எதிரே இருந்த கருப்பாயியைக் காட்டியது. நெற்றிக் கோடு, வெற்றிலைக் கறை, மூக்குத்தி ஓட்டை, எல்லாம்.

"ஐயோ, அத்தயா அது?" என்றாள் ராகினி. "எவ்வளவு கெழடாயிட்டாங்க."

"நீ வார வரைக்கும் நான் கொமரியா இருப்பேனாடி?" என்றாள் கருப்பாயி. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஜீவா, அத்த சரியாத் தெரியிறாங்க. அப்பாவையும் இப்புடிக் காட்டு."

"இப்புடின்னா போன மறுபக்கம் திருப்பணும்."

"திருப்பு."

"திருப்பினா நீ அவருக்குத் தெரிய மாட்ட. போன் முதுகுதான் அவருக்குத் தெரியும்."

மெஷின் வேகம் பிடித்து அதிர்ந்தது. எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ராகினி திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"திருப்பு ஜீவா."

ஜீவராணி திருப்பினாள். அப்பாவின் முகம் மூலைக் கட்டத்தில் வந்தது. கறுத்து, உப்பி, குழிகளோடு. ஒரு குழியில் துடைத்த தண்ணீர் நின்றது.

"கிட்டக் கொண்டு போ."

கொண்டு போனாள்.

"இன்னும்."

கட்டத்தில் கன்னம் மட்டும் இருந்தது. ராகினியின் விரல்நுனி பெரிதாக வந்து அவள் பக்கத்துக் கேமராவை மறைத்தது. சிறிது நேரம் அப்படியே இருந்தது. சுதர்சன் உள்ளே வந்து நின்றான். ஜீவராணி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மூடியை வைத்தார்கள். பெண்கள் ஒருமித்துக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் போனிலிருந்து வந்த சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை.

பெட்டியோடு பெண்கள் பீலி வரைதான் வரலாம். லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலி பாதை முடியும் இடத்தில் இருந்தது. அங்கிருந்து இடுகாட்டுக்கு ஒற்றையடிப் பாதை இறங்கும். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஜீவராணி போனை நெஞ்சோடு பிடித்து நடந்தாள். பீலிக்கு வந்ததும் நின்றாள்.

"ஏன் நிக்கிற?" என்றது போன்.

"பொம்பளைங்க இதுக்கு மேல போறதில்லக்கா."

"நான்?"

ஜீவராணி கருப்பாயியைப் பார்த்தாள். அத்தைக்குக் கேட்டிருந்தது. பெட்டி இறங்கத் தொடங்கிவிட்டது. சுதர்சன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கடைசியில் போனான்.

"அவளுக்கென்ன, கால் நனையவா போகுது," என்றாள் கருப்பாயி. "குடுத்து அனுப்பு."

ஜீவராணி ஓடிப்போய்ச் சுதர்சனிடம் போனைக் கொடுத்தாள்.

"ஒன்னையும் அமுக்கிறாதீங்க."

"சரி."

அவன் அதைச் சட்டைப் பையில் நிற்க வைத்தான். கேமரா பையின் விளிம்புக்கு மேலே வெளியே பார்த்தது. குனிந்து, "தெரியுதா மதினி?" என்று கேட்டான்.

"தெரியுது. நடங்க."

ஜீவராணி பீலிக்குத் திரும்பி வந்தாள். மற்றப் பெண்கள் காலைக் கழுவத் தொடங்கியிருந்தார்கள். கீழே ஆண்கள் றப்பர் மரங்களுக்கு இடையில் வரிசையாக இறங்கினார்கள். தப்படிப்பவர்கள் தப்பின் வாரை இறுக்கவோ எதற்கோ நின்றபோது, ராகினியின் குரல் மேலே வரை வந்தது.

"இந்தப் பாலம் எப்பக் கட்டுனாங்க?"

சுதர்சன் பதில் சொன்னது கேட்கவில்லை. தப்பு மறுபடியும் தொடங்கியது. மழை கொஞ்சம் வலுத்தது. பக்கத்தில் போன ஒருவர் தன் குடையை அவன் தலைக்குமேல் பிடித்தார். அவன் அந்தக் குடைக்கம்பைப் பற்றி, சட்டைப் பைக்கு நேரே தாழ்த்திக்கொண்டான்.