மீனம்மாளுக்கு ஒரு கை

மிளகாய் அடிமாட்டு விலைக்குப் போன வருடத்தில்தான், ஓடைக்குளத்து மீனம்மாள் மற்றவர்களின் களைப்பை வாங்கித் தன் உடம்பில் வைத்துக்கொள்வது ஊருக்குத் தெரியவந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மூட்டையை ஒற்றை ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. போகிற வருகிற யாரையாவது “ஒரு கை பிடிங்க” என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வந்தே தீரவேண்டும் என்பது ஓடைக்குளத்து வழக்கம். வரப்புத் தகராறில் பேச்சு அற்றுப்போனவர்கள்கூட முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிடித்துவிட்டுப் போவார்கள். அந்த வருடம் ஒருநாள், களத்துக்குப் போகும் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்து வீட்டுக் கோகிலா கூப்பிட்டாள், மீனம்மாள் பிடித்தாள். மூட்டை ஏறியதும் கோகிலாவுக்குக் காலையில் எழுந்தபோது இருந்த தெம்பு திரும்பிவிட்டது. மீனம்மாள் இரண்டு ஆள் அலுப்போடு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். குழம்பு வைக்க முடியவில்லை.

பிறகு மூட்டை இல்லாமலேயே வந்தார்கள். கருவேலம் வெட்டியவர்கள், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், தண்ணீர் வண்டி தள்ளியவர்கள், முதுகுளத்தூர்த் துணிக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டுக் கடைசி பஸ்ஸில் இறங்கும் பெண்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் போதும், துள்ளிக்கொண்டு போவார்கள். ஊரில் ஆடு முதல் மளிகை வரை எல்லாவற்றுக்கும் விலை உண்டு, இதற்கு மட்டும் யாரும் விலை கேட்கவில்லை. காசு போனால்தான் செலவு என்று நினைக்கிற ஊர் அது. மீனம்மாளுக்கும் இல்லை என்று சொல்லும் பழக்கம் கிடையாது. வீட்டில் எல்லாமே இல்லாமல் இருந்ததால் அந்த வார்த்தையே அவளுக்கு அலுத்துப்போயிருக்கலாம். இதைப் புண்ணியம் என்று மெச்சுகிறவர்கள் பங்குனி வெயிலில் ஒருநாள்கூட மிளகாய் பறித்திருக்க மாட்டார்கள்.

ஊரில் பெரிய நிலக்காரர் செல்லச்சாமி. கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி, கோயிலுக்குக் குழல்விளக்கு, பஸ் நிறுத்தத்துக்குச் சிமெண்டுப் பெஞ்சு என்று அவர் கொடுத்த எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. பெஞ்சை மேற்கே பார்த்துப் போட்டுவிட்டதால் மத்தியானத்துக்குமேல் அதில் யாரும் உட்காருவதில்லை. மீனம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரிப்பார். “கையில இருந்தாத்தானப்பா ஒருத்தனுக்கு ஒத்தாசை பண்ண முடியும். ஒண்ணுமில்லாதவ எதக் குடுப்பா?” என்பார். அவர் வெயிலில் நின்று பல காலம் ஆகிவிட்டதால், மீனம்மாளிடம் கொடுக்க அவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடங்கள் இப்படிப் போயின. மீனம்மாள் ஒட்டி உலர்ந்துகொண்டே வந்தாள், ஆனால் கனம் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டில் கயிறு அறுந்தது. காய்ந்த கண்மாயில் அவள் நடந்தால் கணுக்கால் வரை தடம் பதிந்தது, அதில் ஆடுகள் இடறின. எதற்கும் அசராமல் அவள் ஒன்றே ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள். மகள் சுகந்தியின் பிரசவத்துக்கென்று உடம்பில் ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தாள். சுகந்திக்கு ரத்தம் குறைவு, முக்குவதற்குத் தெம்பு போதாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். “அம்மா பக்கத்துல இருப்பேன்த்தா, பயப்படாத,” என்று மீனம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் அந்த மாசியில் மிளகாய் அமோகமாக விளைந்தது. பறித்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒதுக்கிய இடமும் நிறைந்துபோனது.

உச்சி வெயிலில் சுகந்திக்கு வலி கண்டது. சேதி கேட்டுச் செல்லச்சாமி டிரைவரோடு தன் காரைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தினார், அதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எந்த ஆஸ்பத்திரியானாலும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆனால் வாசலில் உட்கார்ந்திருந்த மீனம்மாளால் எழுந்திருக்க முடியவில்லை. நான்கு ஆம்பளைகள் தூக்கிப் பார்த்தார்கள், அசைக்க முடியவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சுகந்தி அழுதாள். “அம்மா இல்லாம நான் போகமாட்டேன். செத்துருவேன்.”

மீனம்மாள் தெருவை ஒருமுறை பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஊர் அதுவரை கேட்டிராத வார்த்தை வந்தது.

“எம் மகளோடத வாங்கிவைக்க எடமில்ல. ஒரு கை பிடிங்க.”

கேட்டபிறகு போகாமல் இருக்க முடியாது. முதலில் கோகிலா வந்து, “எனக்குத் தோணலயே மதினி,” என்று அழுதுகொண்டே கையைப் பிடித்தாள், பழைய மிளகாய் மூட்டைகளின் அலுப்பெல்லாம் திரும்பி வந்து அப்படியே குந்திவிட்டாள். ஒவ்வொருவராக வந்தார்கள். தன்னுடையது எது, அடுத்தவருடையது எது என்று பார்க்க நேரமில்லை, கிடைத்ததை வாங்கிக்கொண்டு சுவரோரம் சாய்ந்தார்கள். தெரு முழுக்க ஆட்கள் சாய்ந்து கிடந்தார்கள். அப்படியும் மீனம்மாளால் எழ முடியவில்லை. நின்றுகொண்டிருந்தவர் செல்லச்சாமி மட்டும்தான்.

“நான் ஒங்கிட்ட ஒண்ணும் குடுக்கலயே மீனம்மா,” என்றார்.

“நீங்க குடுக்கலய்யா. இது என்னோடது. எடுக்கத்தான் ஆளில்ல.”

அவர் அந்த வாசலில் கால் வைத்ததில்லை. குனிந்தார், கையைப் பிடித்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். “இதோடயா இம்புட்டு நாளும் நடந்த?” என்று அவர் கேட்டபோது மீனம்மாள் எழுந்து காருக்குள் ஏறியிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. சுகந்தி பூத்த முகத்தோடு எழுந்து காப்பி கேட்டாள். அவளுடைய களைப்பை மீனம்மாள் ஊருக்குக் கொண்டுவந்தாள், அது ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் திருப்பித் தரவில்லை.

மீனம்மாளிடம் வாங்கிய அலுப்புக்குச் செல்லச்சாமி மதுரைவரை போய் வைத்தியம் பார்த்தார், குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டார். ஆள் வைத்து இறக்கப் பார்த்தார், கூலி பேசினால் அது இறங்குவதில்லை. இப்போது சாயங்காலமானால் தன் பெஞ்சிலேயே, முகத்தில் வெயிலடிக்க உட்கார்ந்திருக்கிறார். பஸ் வந்ததும், “ஒரு கை பிடிங்கப்பா,” என்பார். இறங்குகிறவர்கள், அவர்களும் அலுத்து வந்தவர்கள்தான், ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு அவரை எழுப்பிவிடுவார்கள். சில நாள் மீனம்மாளும் பிடிப்பாள். கண்டக்டர் விசில் ஊதாமல் அதுவரை பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பார்.